மாத்திரை போட்டதிலிருந்து ஆளே மாறிட்டாங்க!

“கீமோ கொடுத்த அன்னிக்கு ராத்திரி பூரா எங்கம்மா தூங்கவே இல்லை டாக்டர். விடியற்காலை மூணு மணிக்கு எழுந்து பரண் மேல இருந்த பித்தளைப் பாத்திரத்தையெல்லாம் இறக்கி, புளி போட்டுத் தேய்க்கிறாங்க. வேண்டாம்மான்னு சொன்னா எரிஞ்சு விழறாங்க. நாலாம் நாள் பார்த்தா, சுவரைப் பார்த்துப் படுத்துக்கிட்டு அழறாங்க. எங்கம்மா இப்படிப்பட்டவங்களே இல்லை...”

புற்றுநோய்க்குச் சிகிச்சை நடக்கும் வீடுகளில் இந்தப் புலம்பலைப் பல விதமாகக் கேட்கலாம். அதிர்ந்து பேசாத மனிதர் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போகிறார். சிக்கனமான பெரியவர் திடீரென்று பேங்கில் இருக்கும் பணத்தையெல்லாம் எடுத்து வீட்டை இடித்துக் கட்டப் போகிறேன் என்கிறார். கலகலப்பான பெண்மணி எதிலும் பிடிப்பில்லாமல் கிடக்கிறார்.

வீட்டில் இருப்பவர்கள் இதற்கு ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். நோய் பயம் என்பார் ஒருவர். வியாதி மூளைக்கு ஏறிவிட்டது என்பார் இன்னொருவர். யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள் என்று ஒரு பாட்டி முடிவே கட்டிவிடுவார். “இத்தனை வருஷமா மனசுக்குள்ள வச்சிருந்ததை இப்பக் கொட்டறாங்க” என்று மருமகள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்.

கொஞ்சம் பொறுங்கள். முதலில் மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். அதில் டெக்ஸாமெத்தசோன், பிரட்னிசலோன், மெத்தில் பிரட்னிசலோன் என்ற பெயர்களில் ஏதாவது ஒன்று இருக்கிறதா? கீமோ ஏற்றுகிற அன்று டிரிப்ஸில் போட்ட ஊசிகளிலும் இது இருந்திருக்கலாம். இருந்தால், பாதி விடை உங்கள் கையில் இருக்கிறது. இவை மூன்றும் ஸ்டீராய்டுகள்.

ஸ்டீராய்டு என்றால் என்ன?

நம் சிறுநீரகங்களின் தலைமேல் குல்லாய் போட்டதுபோல் இரண்டு சிறிய சுரப்பிகள் உட்கார்ந்திருக்கின்றன. இவைதான் அட்ரீனல் சுரப்பிகள். இவை தினமும் கார்ட்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கின்றன. ரத்த அழுத்தம், சர்க்கரை, வீக்கம், எதிர்ப்புச் சக்தி, தூக்கம், விழிப்பு எல்லாவற்றிலும் இதற்குப் பங்கு உண்டு. இதன் சாயலில் செய்யப்பட்டவையே மேலே சொன்ன மருந்துகள். உடற்பயிற்சிக் கூடங்களில் சதை போடுவதற்காகச் சிலர் போட்டுக்கொள்கிறார்களே, அந்த ஸ்டீராய்டு வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் 1948-ல் மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு முதன்முதலாகக் கார்ட்டிசோன் கொடுக்கப்பட்டது. படுக்கையில் கிடந்தவர் சில நாட்களில் எழுந்து நடந்தார். 1950-ல் ஹென்ச், கெண்டல், ரெய்க்ஸ்டைன் என்ற மூவருக்கு இதற்காக நோபல் பரிசு கிடைத்தது. ஆனால் மருந்து புழக்கத்துக்கு வந்த கொஞ்ச காலத்திலேயே அதன் இன்னொரு முகமும் தெரிந்துவிட்டது. சிலர் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் மிதந்தார்கள். சிலருக்குப் புத்தி தடுமாறியது. கார்ட்டிசோன் சாப்பிட்டு ஆளே மாறிப்போகும் ஒரு பள்ளி ஆசிரியரின் கதையை 1956-ல் ‘பிக்கர் தேன் லைஃப்’ என்று ஹாலிவுட்டில் படமாகவே எடுத்தார்கள். ஆக, உங்கள் வீட்டில் நடப்பது புதுசும் அல்ல, அதிசயமும் அல்ல.

புற்றுநோய்க்கு இது எதற்கு?

“இவ்வளவு தொந்தரவு என்றால் ஏன் கொடுக்கிறார்கள்?” என்று கேட்கத் தோன்றும். நியாயமான கேள்விதான். நான்கு முக்கியமான காரணங்கள் உண்டு.

ஒன்று, கீமோவால் வரும் குமட்டலையும் வாந்தியையும் அடக்க.

இரண்டு, சில கீமோ மருந்துகளால் ஒவ்வாமை வராமல் தடுக்க. மார்பகப் புற்றுநோய்க்குக் கொடுக்கும் டோசிடாக்செல், பாக்ளிடாக்செல் போன்றவை இந்த ரகம். டோசிடாக்செல் என்றால் உடம்பில் நீர் கோர்க்காமல் இருக்கவும் இது உதவும்.

மூன்று, ரத்தப் புற்றுநோய், நிணநீர்க் கட்டிப் புற்று, மைலோமா ஆகியவற்றில் ஸ்டீராய்டே நோய்ச் செல்களைக் கொல்லும் மருந்து. இங்கே அது துணை மருந்து அல்ல, முக்கியமான ஆயுதம்.

நான்கு, மூளையில் கட்டியைச் சுற்றிய வீக்கத்தையும், தண்டுவடத்தை நெருக்கும் வீக்கத்தையும் குறைக்க. இங்கே ஒரு நாள் மருந்து தவறினாலும் ஆபத்து வரலாம்.

அளவைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள்

நம் உடம்பு ஒரு நாளில் தானாகச் சுரக்கும் கார்ட்டிசால், ஏறக்குறைய 5 மில்லிகிராம் பிரட்னிசலோனுக்குச் சமம். டெக்ஸாமெத்தசோன் அதைவிடக் காரமானது. அதில் முக்கால் மில்லிகிராமே 5 மில்லிகிராம் பிரட்னிசலோனுக்கு ஈடு.

டோசிடாக்செல் ஏற்றும்போது வழக்கமாக டெக்ஸாமெத்தசோன் 8 மி.கி. வீதம் தினம் இரண்டு வேளை, மூன்று நாள் தருவார்கள். ஒரு நாளைக்கு 16 மி.கி. கணக்குப் போட்டால் 100 மி.கி. பிரட்னிசலோனுக்கும் மேலே போகிறது. அதாவது உடம்பு தானாகச் சுரப்பதைப் போல் இருபது மடங்கு! நிணநீர்க் கட்டிப் புற்றுக்கான வழக்கமான சிகிச்சை ஒன்றில் தினம் 100 மி.கி. பிரட்னிசலோன் ஐந்து நாள் உண்டு. மைலோமாவில் வாரம் ஒரு நாள் டெக்ஸாமெத்தசோன் 40 மி.கி. கொடுப்பது வழக்கம், வயதானவர்களுக்குப் பாதியாகக் குறைப்பார்கள்.

மாத்திரை மிளகு அளவுதான் இருக்கும். அதைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள்.

அளவு கூடக் கூட மனப் பாதிப்பும் கூடும் என்பது பழைய செய்தி. பாஸ்டன் நகரைச் சேர்ந்த ஆய்வுக் குழு ஒன்று மருத்துவமனை நோயாளிகளைக் கவனித்து 1972-ல் ஒரு கணக்கு வெளியிட்டது. தினம் 40 மி.கி. வரை பிரட்னிசோன் எடுத்தவர்களில் 100-க்கு 1.3 பேருக்கு மனநிலைக் கோளாறு வந்தது. 41 முதல் 80 மி.கி. வரை எடுத்தவர்களில் 4.6 பேர். 80 மி.கி.க்கு மேல் போனவர்களில் 18.4 பேர். இவர்கள் கண்ணுக்குத் தெரியும் அளவு கோளாறு வந்தவர்கள். தூக்கம் கெடுவது, சிடுசிடுப்பு போன்ற சின்னச் சின்ன மாற்றங்கள் இதைவிட அதிகம் பேருக்கு வரும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

கார்ட்டிசாலுக்கு ஒரு கடிகாரம் உண்டு. விடியற்காலையில் ஏறி, நம்மை எழுப்பிவிட்டு, பொழுது சாயச் சாய இறங்கி, நடுநிசியில் அடிமட்டத்துக்குப் போகும். அது இறங்கினால்தான் தூக்கம் வரும். சாயங்காலம் ஒரு ஸ்டீராய்டு மாத்திரை போட்டால் என்ன ஆகும்? ராத்திரி பத்து மணிக்கு மூளை ‘விடிந்துவிட்டது, எழுந்திரு’ என்று நினைத்துக்கொள்ளும். அதிலும் டெக்ஸாமெத்தசோனின் வேலை ஒன்றரை நாளிலிருந்து இரண்டு நாள் வரை நீடிக்கும்.

ஞாபகத்தையும் உணர்ச்சியையும் கவனிக்கும் மூளைப் பகுதிகளில் இந்த ஹார்மோனைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பிகள் நிறைய இருக்கின்றன. வெள்ளம் வந்தால் வாய்க்கால் கரை உடைவதுபோல் அங்கே சமநிலை கலைகிறது. அதனால்தான் கோபம், அழுகை, படபடப்பு, மறதி, காரணமில்லாத குதூகலம் எல்லாம். மனோதிடம் இல்லாததால் வருவதல்ல இது. எவ்வளவு பக்குவப்பட்டவருக்கும் வரலாம்.

காலண்டரில் குறித்துப் பாருங்கள்

மூன்று நாள் மருந்து என்றால் பெரும்பாலும் இப்படித்தான் போகும். முதல் இரண்டு மூன்று நாள் சுறுசுறுப்பு, ஓயாத பேச்சு, பசி, முகத்தில் சிவப்பு, தூக்கமின்மை, பொறுமையின்மை. மருந்து நின்ற மறுநாளிலிருந்து இரண்டு மூன்று நாள் காற்றுப் போன பலூன் மாதிரி அசதி, உடம்பு வலி, அழுகை, ‘எதுக்கு இந்த வைத்தியம்?’ என்ற விரக்தி. பிறகு மெல்லத் தெளிவு. அடுத்த கீமோவில் திரும்பவும் அதே சுற்று.

ஒரு நோட்டில் தேதி, மருந்து, அளவு, தூங்கிய நேரம், மனநிலை என்று ஐந்து கட்டம் போட்டு எழுதி வாருங்கள். இரண்டு சுற்று எழுதினாலே, ‘இன்னிக்கு நாலாம் நாள், இன்னிக்கு இப்படித்தான் இருக்கும்’ என்று வீட்டில் எல்லோருக்கும் புரிந்துவிடும். புரிந்துவிட்டால் பாதி பாரம் இறங்கிவிடும்.

வாரக்கணக்கில் தொடர்ந்து சாப்பிடுகிறவர்களுக்குப் பெரும்பாலும் முதல் ஒன்றிரண்டு வாரத்திலேயே மாற்றம் தெரியத் தொடங்கும். முன்பு ஸ்டீராய்டு எடுத்து ஒன்றும் ஆகவில்லை என்பதால் இந்தத் தடவையும் ஆகாது என்று சொல்ல முடியாது. குடும்பத்தில் யாருக்காவது, அல்லது நோயாளிக்கே, முன்பு மனநோய்க்குச் சிகிச்சை நடந்திருந்தால் அதை மறைக்காமல் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

குழந்தைகள் விஷயத்தில்...

குழந்தைகளுக்கு வரும் ரத்தப் புற்றுநோயில் ஆரம்பக் கட்டத்தில் நாலு வாரம் போல ஸ்டீராய்டு கொடுப்பார்கள். பல சிகிச்சை முறைகளில் பிறகும் மாதம் ஐந்து நாள் வரும். அந்த நாட்களில் குழந்தை நடுராத்திரியில் எழுந்து ‘இட்லி வேணும்’ என்று கேட்கும். கொடுத்தால் ‘தோசைதான் வேணும்’ என்று தட்டை வீசும். அம்மாவைக் கடிக்கும், பிறகு அம்மா மடியிலேயே படுத்து அழும். செல்லம் கொடுத்துக் கெடுத்துவிட்டீர்கள் என்று உறவினர்கள் சொல்வார்கள். காதில் போட்டுக்கொள்ளாதீர்கள். இந்த நேரத்தில் அடித்துத் திருத்த வேண்டாம். அவல், சுண்டல், வேகவைத்த முட்டை என்று கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை கொடுக்க ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். ஐந்து நாள் கழிந்ததும் உங்கள் பழைய குழந்தை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பி வரும்.

நீங்கள் செய்யக்கூடியவை

* மாத்திரையைக் காலையில், சாப்பிட்ட பிறகு கொடுங்கள். இரண்டு வேளை என்று எழுதியிருந்தால், இரண்டாவதை ராத்திரிக்குப் பதிலாக மத்தியானம் ஒரு மணி, இரண்டு மணிக்குள் கொடுக்கலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள். இந்த ஒரு மாற்றத்திலேயே பலருக்குத் தூக்கம் திரும்பிவிடும்.

* மத்தியானத்துக்குப் பிறகு காபி, டீ வேண்டாம். ராத்திரி சர்க்கரை போடாத வெதுவெதுப்பான பால் போதும்.

* காலை வெயிலில் பதினைந்து நிமிஷம் நடக்கச் சொல்லுங்கள். மொட்டை மாடி போதும்.

* படுக்கும் முன் வெந்நீரில் பாதங்களை வைத்திருப்பது சுகமாக இருக்கும். ஆனால் கீமோவால் பாதம் மரத்துப்போனவர்களுக்குச் சூடு தெரியாது. வீட்டில் இன்னொருவர் முழங்கையை நனைத்துப் பார்த்துவிட்டுத்தான் தர வேண்டும்.

* ரத்தச் சர்க்கரையைப் பாருங்கள். ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும். சர்க்கரை ஏறினாலும் எரிச்சல், களைப்பு, குழப்பம் வரும். நீரிழிவு உள்ளவர்கள் இதில் மிகவும் கவனமாக இருக்க வேண்டும்.

* ஊறுகாய், அப்பளம், வற்றல் ஆகியவற்றைக் குறையுங்கள். உப்பு நீரைக் கோர்க்க வைக்கும்.

* மருந்து நாட்களில் பெரிய முடிவு எதுவும் எடுக்க வேண்டாம். நிலத்தை விற்பது, உயில் எழுதுவது, வேலையை விடுவது, சம்பந்தம் பேசுவது எல்லாம் அடுத்த வாரத்துக்குத் தள்ளிப் போடலாம்.

தானாக நிறுத்தாதீர்கள்

இதுதான் இந்தக் கட்டுரையில் மிக முக்கியமான பகுதி. ‘இந்த மாத்திரைதான் இவரை இப்படி ஆக்குது’ என்று தெரிந்ததும், அதை ஜன்னல் வழியாக எறிந்துவிடலாம் என்று தோன்றும். செய்யாதீர்கள்.

ஒவ்வாமையைத் தடுக்கக் கொடுத்த மாத்திரையைச் சாப்பிடாமல் கீமோவுக்குப் போய் உட்கார்ந்தால், மருந்து ஏறும்போதே மூச்சுத் திணறலாம், ரத்த அழுத்தம் விழலாம். மாத்திரை தவறிவிட்டால் நர்ஸிடம் கட்டாயம் சொல்லுங்கள். ரத்தப் புற்றில் நிறுத்தினால் நோய்க்கான மருந்தையே நிறுத்தியதாகிவிடும். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்து சாப்பிட்டவருக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. வெளியிலிருந்து மருந்து வருவதால் அட்ரீனல் சுரப்பி வேலையை நிறுத்திவிட்டுத் தூங்கப் போயிருக்கும். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் உடம்பில் கார்ட்டிசாலே இல்லாமல் போய், உயிருக்கே ஆபத்தாகலாம். டாக்டர் சொன்னபடி படிப்படியாகத்தான் இறங்க வேண்டும்.

சொன்னால் டாக்டர் என்ன செய்வார்? வழிகள் உண்டு. அளவைக் குறைக்கலாம். நேரத்தை மாற்றலாம். வாந்திக்காக மட்டும் கொடுத்ததென்றால் நாட்களைக் குறைத்து வேறு மருந்தைக் கூட்டலாம். சில நாளைக்குத் தூக்க மாத்திரை தரலாம். ஒலான்சபின் என்ற மருந்தை எழுதினால் பயந்துவிடாதீர்கள். மருந்துக் கடையில் ‘இது மனநோய்க்குக் கொடுக்கிறது’ என்பார்கள். உண்மைதான். ஆனால் அதே மருந்து கீமோ வாந்தியையும் நன்றாக அடக்கும். அதற்காகவே பலருக்கு எழுதப்படுகிறது.

சித்த மருத்துவத்தில் மாற்று உண்டா?

சித்த மருத்துவம் படித்தவன் என்பதால் என்னிடம் பலர் கேட்பது இதைத்தான். நேராகச் சொல்லிவிடுகிறேன். புற்றுநோய்ச் சிகிச்சையில் ஸ்டீராய்டை எடுத்துவிட்டு அந்த இடத்தில் வைக்க என்னிடம் மூலிகை எதுவும் இல்லை. இருக்கிறது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சில விஷயங்களில் எச்சரிக்கையும் தேவை. அதிமதுரம் நல்ல மருந்து. தொண்டைக்கும் இருமலுக்கும் நாமே சாப்பிடுகிறோம். ஆனால் அதில் உள்ள சத்து, கார்ட்டிசாலைச் செயலிழக்கச் செய்யும் நொதியைத் தடுக்கிறது. உப்பும் நீரும் உடம்பில் தங்கும், பொட்டாசியம் இறங்கும், ரத்த அழுத்தம் ஏறும். ஸ்டீராய்டும் இதே பக்கம்தான் இழுக்கும். இரண்டும் சேர்ந்தால் பாதிப்பு கூடும். ஆகவே ஸ்டீராய்டு எடுக்கும் காலத்தில் அதிமதுரக் கஷாயம், சூரணம் வேண்டாம். தூக்கத்துக்கு என்று அமுக்கராச் சூரணம், ஜாதிக்காய் எதையும் தூக்க மாத்திரையோடு நீங்களாகச் சேர்க்காதீர்கள். பற்பம், செந்தூரம் எதுவானாலும் கீமோ டாக்டருக்குத் தெரியாமல் கூடாது. அந்தச் சமயத்தில் ஈரலும் சிறுநீரகமும் ஏற்கெனவே சுமை தூக்கிக்கொண்டிருக்கின்றன. லேபிள் இல்லாத பொட்டலப் பொடிகளைத் தொடவே வேண்டாம். மூட்டுவலிக்கு, ஆஸ்துமாவுக்கு என்று விற்கும் இப்படிப்பட்ட பொடிகள் சிலவற்றில் ஸ்டீராய்டையே கலந்து விற்றது பல நாடுகளில் பிடிபட்டிருக்கிறது.

எங்கள் மருத்துவம் இந்த இடத்தில் சொல்லித் தருவது வேறு ஒன்று. உடலின் வேகங்கள் பதினான்கு என்றும், அவற்றை அடக்கக் கூடாது என்றும் சித்த மருத்துவம் சொல்கிறது. பசியும் தூக்கமும் அதில் சேர்த்தி. கண்ணீரும் அதில் ஒன்று! ஆகவே அழுகை வந்தால் அழட்டும். ‘தைரியமா இருங்க, அழக்கூடாது’ என்று வாயை மூடாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

உடனே ஆஸ்பத்திரிக்கு ஓட வேண்டியவை

எல்லாவற்றையும் ஸ்டீராய்டு தலையில் கட்டிவிடவும் கூடாது. கிருமித் தொற்று, ரத்தத்தில் சோடியம் குறைவது, கால்சியம் கூடுவது, மூளையில் ஏற்படும் பாதிப்பு ஆகியவற்றாலும் புத்தி தடுமாறலாம். கீழே உள்ளவற்றில் ஒன்று தென்பட்டாலும் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

இல்லாத குரல் கேட்கிறது, இல்லாத உருவம் தெரிகிறது என்பது. வீட்டார் விஷம் வைக்கிறார்கள் என்ற சந்தேகம். நாள், இடம், ஆள் தெரியாத குழப்பம். இரண்டு மூன்று இரவு துளியும் தூங்காமல் ஓடியாடிக்கொண்டிருப்பது. கடுமையான தலைவலி, வலிப்பு, கைகால் பலவீனம். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் கீமோ நோயாளிக்கு அது அவசரம். ஸ்டீராய்டு காய்ச்சலை மறைத்துவிடும் என்பதால், காய்ச்சல் இல்லாமலே குளிர் நடுக்கம் வந்தாலும் அவசரம்தான்.

‘நான் இருந்து என்ன பிரயோஜனம்’, ‘போய்ச் சேர்ந்துட்டா உங்களுக்கு நிம்மதி’ என்ற பேச்சு வந்தால் அதைச் சும்மா சொல்கிறார் என்று ஒதுக்காதீர்கள். தனியே விடாதீர்கள். ‘உயிரை விட்டுவிடலாம்னு தோணுதா?’ என்று நேராகவே கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மனசில் இருப்பது வெளியே வரும். மாத்திரைகளை உங்கள் பொறுப்பில் எடுத்துக்கொண்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள். அரசின் டெலி மானஸ் மனநல உதவிக்கு 14416 என்ற எண்ணில் எந்த நேரமும் பேசலாம்.

கூட இருப்பவர்களுக்கு

கத்துகிறவரிடம் திரும்பக் கத்தாதீர்கள். “சரி, அப்புறம் பேசலாம்” என்று சொல்லி அடுத்த அறைக்குப் போய்விடுங்கள். ‘மாத்திரை பண்ற வேலை’ என்பதை நோயாளி தெளிவாக இருக்கும் நாளில் அவரிடமே பேசிவிடுங்கள். அவருக்கும் அது பெரிய நிம்மதி. ‘எனக்குப் பைத்தியம் பிடிக்குதோ’ என்று உள்ளுக்குள் பயந்துகொண்டிருப்பவர் முதலில் அவர்தான். தெளிந்த பிறகு ‘உன்னை அப்படிப் பேசிட்டேனே’ என்று குறுகிப்போவதும் அவர்தான். பேசியது என்னென்ன என்று அப்போது பட்டியல் போட்டுக் காட்டாதீர்கள்.

இதையெல்லாம் தாங்கும் மனைவிக்கோ மகளுக்கோ ஓய்வு வேண்டும். ராத்திரி முழித்திருப்பதை ஒரே ஆள் தலையில் கட்டாமல், அண்ணன் ஒரு நாள், தம்பி ஒரு நாள் என்று முறை போட்டுக்கொள்ளுங்கள். மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கை ஓங்குவதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும் என்றும் இல்லை. அடி விழும் நிலை வந்தால் அன்றைக்கே டாக்டரிடம் சொல்லியாக வேண்டும்.

பெரும்பாலோருக்கு அளவு குறைந்து மருந்து நின்றதும், சில நாளிலோ சில வாரத்திலோ மனசு பழைய நிலைக்கு வந்துவிடும். அடுத்த கீமோவுக்குப் போகும்போது மருந்து ஃபைலோடு அந்த ஐந்து கட்ட நோட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள். வாந்தி எத்தனை முறை என்று சொல்வதுபோலவே, எத்தனை ராத்திரி தூங்கவில்லை, எத்தனை நாள் அழுதார் என்பதையும் டாக்டரிடம் சொல்லுங்கள். அவர் கேட்கவில்லை என்றாலும் நீங்கள் சொல்லுங்கள்.